கம்ப்யூட்டர் கேள்வி பதில்: அப்கிரேட் முடிந்தது, தொல்லை ஆரம்பித்தது

இந்தத் தடவை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பாட்டு. லினக்ஸைப் (விண்டோஸுக்குப் பதில் போடுவது, உபுண்டு அதில் ஒரு வகை) புது வெர்ஷனுக்கு மாற்றினேன், அன்றிலிருந்து திரையில் ஏதோ ஒரு பெட்டி வந்து நிற்கிறது, எப்படித் துரத்துவது என்று. எல்லாமே நம் வேலூர் சுற்றுவட்டாரத்துக் கடிதங்கள் என்பது இன்னொரு வேடிக்கை. வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒன்று: கட்டளைகளை வழக்கம்போல உச்சரிப்பாகத் தமிழில் கொடுத்திருக்கிறேன், நீங்கள் டெர்மினலில் (கட்டளை அடிக்கிற ஜன்னல்) அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

*

கேள்வி: குடியாத்தத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04 இருந்தது. அண்ணன் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான், லீவுக்கு வந்தவன் ஒரு ராத்திரி உட்கார்ந்து 24.04 ஆக்கிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் கடையைத் திறந்ததிலிருந்து ‘சிஸ்டம் புரோகிராம் பிராப்ளம் டிடெக்டட்’ என்று பெட்டி வருகிறது. கேன்சல் கொடுத்தால் இன்னொன்று. அதை மூடினால் பிரிண்டர் பெயரைச் சொல்லி மூன்றாவது. பட்டா நகல் எடுக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ‘இன்னாம்மா, வைரஸ் பூந்துச்சா?’ என்கிறார்கள், பென் டிரைவைக் கையில் கொடுக்கவே யோசிக்கிறார்கள். பழையபடி விண்டோஸுக்கே போய்விடட்டுமா? மூன்று படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வைரஸ் இல்லையம்மா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். அண்ணன் மகனையும் திட்டாதீர்கள், அவன் செய்ததில் தப்பில்லை.

உபுண்டுவில் ஆப்போர்ட் என்று ஒருத்தர் இருக்கிறார். ஏதாவது ஒரு புரோகிராம் நடுவில் சுருண்டு விழுந்தால், எங்கே விழுந்தது, எப்போது, அந்த நேரத்தில் நினைவகத்தில் என்ன இருந்தது என்று போலீஸ்காரர் ஸ்பாட் மகஜர் எழுதுவதுபோல எழுதி ஒரு கோப்பாக வைத்துவிடுவார். நீங்கள் அடுத்து உள்ளே நுழையும்போது அந்தக் கோப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு, இதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பட்டுமா என்று கேட்பதுதான் அந்தப் பெட்டி. அதாவது இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு என்று அது சொல்லவில்லை, எப்போதோ விழுந்த ஒன்றுக்கு எழுதிய மகஜரைத்தான் தூக்கிக் காட்டுகிறது.

அப்கிரேட் ஆன ராத்திரியில் அப்படி நாலு விழுவது சகஜம். திரையில் நீங்கள் பார்க்கிற முகப்புக்கு க்னோம் என்று பெயர், 22.04-இல் இருந்தது க்னோம் 42, 24.04-இல் 46. பந்தியில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை உருவிப் புது இலை போடுகிற வேலை அது, ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமுக்குக் கீழேயே அதன் கோப்புகள் மாறுகின்றன, சிலது தடுமாறி விழும். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிடும். ஆனால் எழுதிய மகஜர் அங்கேயே கிடக்கும்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம் நல்ல படம், அதில்தான் விஷயமே இருக்கிறது. ஃபைல்ஸைத் திறந்து, அதர் லொகேஷன்ஸ், அதற்குள் கம்ப்யூட்டர், அதற்குள் ‘வார்’, அதற்குள் ‘கிராஷ்’ என்று போய் எடுத்திருக்கிறீர்கள். (அண்ணன் மகன் போனில் சொல்லிக்கொடுத்தானோ?) அங்கே இரண்டு கோப்பு. பெயரைப் பார்த்தாலே செத்தது யார் என்று தெரியும்: ஒன்றின் நடுவில் ‘க்னோம் ஷெல்’ என்று இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு புள்ளி, 1000, மறுபடி புள்ளி, கிராஷ். அந்த 1000 என்பது அந்தக் கம்ப்யூட்டரில் முதலில் உருவாக்கிய பயனருடைய எண், அதாவது நீங்கள். அந்த இடத்தில் வெறும் சைபர் இருந்தால் அது ரூட், சிஸ்டமே ஓட்டிய புரோகிராம். உங்கள் இரண்டு கோப்புக்கும் ஒரே தேதி, அப்கிரேட் நடந்த அதே ராத்திரி, ஐந்து நிமிட இடைவெளி. அதற்குப் பிறகு நீங்கள் ஆறு நாள் கடை நடத்தியிருக்கிறீர்கள், புதிதாக ஒன்றுகூட விழவில்லை. இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

ஆகவே அந்த இரண்டையும் அழித்துவிடலாம். டெர்மினலைத் திறந்து சூடோ, ஒரு இடைவெளி, ஆர்எம், ஒரு இடைவெளி, சாய்கோடு, வார், சாய்கோடு, கிராஷ், சாய்கோடு, நட்சத்திரக் குறி. கடைசிச் சாய்கோட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் இடைவெளி விழக் கூடாது. இதை இரண்டு தடவை சொல்கிறேன், விழக் கூடாது. விழுந்தால் அந்த நட்சத்திரம் தனி ஆளாகி, நீங்கள் அப்போது நிற்கிற ஃபோல்டரில் இருக்கிற கோப்புகளை எல்லாம் வாரிக்கொண்டு போகும், டெர்மினல் திறந்த உடனே நீங்கள் நிற்பது உங்கள் வீட்டு ஃபோல்டரில். என்டர் தட்டுவதற்கு முன் ஒரு தரம் விரலை வைத்துப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது படத்தில் கஸ்டமர் கை, பட்டாக் காகிதம், டியூப் லைட் வெளிச்சம் எல்லாம் தெரிகிறது, பெட்டியில் இருப்பதைத்தான் தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருந்தது. ‘நோ சிஸ்டம் ட்ரே டிடெக்டட்’. இதற்கும் மேலே சொன்ன இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எச்.பி.லிப் என்கிற பிரிண்டர் மென்பொருள், கம்ப்யூட்டர் திறந்ததும் மேல் பட்டையில் ஒரு சின்ன ஐகான் வைக்க ஓடி வருகிறது, அது எதிர்பார்க்கிற இடம் தயாராக இல்லாததால் ‘என்னால் தொடங்க முடியவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறது. அந்த ஐகான் இல்லாமலேயே பிரிண்ட் போகும், உங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் என்பதைத் திறந்து பட்டியலில் எச்.பி. சிஸ்டம் ட்ரே என்று இருப்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். நாளைக் காலை வராது.

பெட்டியே வேண்டாம் என்றால் ஆப்போர்ட்டையும் ஒரேயடியாக நிறுத்த முடியும்: ‘இடிசி’ ஃபோல்டருக்குள் ‘டிஃபால்ட்’, அதற்குள் ஆப்போர்ட் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு, அதில் எனேபிள்ட் என்ற இடத்தில் இருக்கும் 1-ஐ 0 ஆக்கிச் சேமித்தால் போதும். கஸ்டமர் எதிரில் திரை இருக்கிற கடையில் அப்படிச் செய்வதில் தப்பில்லை. ஆனால் நானாக இருந்தால் ஒரு மாசம் விட்டுப் பார்ப்பேன். அதற்குள் புதுத் தேதியில் கோப்பு விழுந்தால் அது என்ன பெயர் என்று எனக்கு எழுதுங்கள். விண்டோஸுக்குத் திரும்புவது உங்கள் விருப்பம், ஆனால் பெட்டி வருகிறது என்ற காரணத்துக்காகப் போவீர்களானால் அங்கே போய்ச் சிரிப்பீர்கள்.

*

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். ஆபீஸ் லேப்டாப்பில் உபுண்டு. அப்கிரேட்டுக்கு அப்புறம் ‘லோ டிஸ்க் ஸ்பேஸ் ஆன் பூட்’ என்று வருகிறது, 20 எம்.பி.தான் மீதி என்கிறது. ஆனால் டிஸ்க்கில் 180 ஜி.பி. காலியாக இருக்கிறதே! ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிற நேரத்தில் பத்து பத்து நிமிஷத்துக்கு வந்தால் எரிச்சல். இந்த நோட்டிஃபிகேஷனை மட்டும் ஆஃப் செய்வது எப்படி?

பதில்: ஆஃப் செய்ய ஒரு வழி இருக்கிறது, உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே குடியாத்தத்துப் பெட்டி வெறும் பழைய மகஜர், உங்களுடையது உண்மையிலேயே வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்கிற ஆள்.

180 ஜி.பி. இருக்கிறது, சரி. அது வேறு அறை. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து இன்ஸ்டால் செய்திருந்தால் ‘பூட்’ என்பதற்கு மட்டும் தனியாக ஒரு சின்னத் தடுப்பு போட்டிருப்பார்கள், பழைய இன்ஸ்டால் என்றால் 500 எம்.பி. அளவில்தான் இருக்கும். பெரிய அறை காலியாக இருப்பதால் சின்ன அறைக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. லினக்ஸின் கெர்னல், அதாவது அதன் மையப் பகுதி, புதிதாக வரும்போதெல்லாம் அதுவும், அதோடு வருகிற துவக்கக் கோப்பும் இந்தச் சின்ன அறையில்தான் உட்காரும், ஒரு ஜோடிக்கு 100 எம்.பி.யை ஒட்டி ஆகிவிடும். காட்பாடி ஜங்ஷனில் இறங்கியவர்கள் நகராமல் படியிலேயே நின்றுகொண்டால் அடுத்து ஏறுகிறவன் என்ன செய்வான், அந்த நிலைமைதான். மீதி இடம் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் க்னோம் கத்த ஆரம்பிக்கிறது. 500-க்கு 5 சதவீதம் 25 எம்.பி., உங்களுக்கு 20, கணக்கு சரியாக இருக்கிறதா? கணக்குப்பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்படியே விட்டால் என்ன ஆகும் என்றால், அடுத்த கெர்னல் வந்து உட்காரும்போது பாதியில் இடம் தீர்ந்துபோகும், அப்டேட் அரைகுறையாக நின்றுவிடும், அப்புறம் எந்த மென்பொருளைப் போட்டாலும் எடுத்தாலும் எர்ரர். மோசமான நாளாக இருந்தால் மறுபடி பூட் ஆகும்போது கறுப்புத் திரையில் நிற்கும். இருபதாம் தேதி சாயங்காலம் அப்படி நின்றால் அப்போது தெரியும் இந்தப் பெட்டியின் அருமை.

செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி: சூடோ, ஆப்ட், ஆட்டோரிமூவ், அதன் பின்னால் இரண்டு சிறுகோடு சேர்த்து பர்ஜ். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற கெர்னலையும் ஆகப் புதியதையும் அது தொடாது, தேவையில்லாமல் நிற்கிற பழையவற்றை மட்டும் இறக்கிவிடும். என்ன என்ன போகப் போகிறது என்று பட்டியல் காட்டிவிட்டுத்தான் ஒய் (சரி) என்பதா, என் (வேண்டாம்) என்பதா என்று கேட்கும், படித்துப் பார்த்து ஒய் கொடுங்கள். தயவுசெய்து ஃபைல் மேனேஜரில் போய் ‘பூட்’ ஃபோல்டரில் பெரிதாக இருக்கிறதே என்று எதையும் கையால் அழிக்காதீர்கள். போன வருஷம் இதே வேலையைச் செய்துவிட்டு லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு என் வீட்டுக்கே எடுத்து வந்தவர் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த கெர்னலையே அழித்திருந்தார். லைவ் பென் டிரைவ் போட்டு மீட்டு எழுப்ப ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போனது, நல்லவேளை அவர் ஆம்பூர் பக்கம், வரும்போது பிரியாணி வாங்கி வந்திருந்தார்.

*

கேள்வி: அண்ணா, காட்பாடியில் ஹாஸ்டலில் இருக்கிறேன். 22.04-க்கு மாறினதில் இருந்து ஃபயர்பாக்ஸ் பற்றி ‘பெண்டிங் அப்டேட், க்ளோஸ் த ஆப், 13 டேஸ் லெஃப்ட்’ என்று வருகிறது. நேற்று 12 ஆகிவிட்டது. பூஜ்யம் ஆனால் என்ன ஆகும்? பணம் கட்டச் சொல்லுமா?

பதில்: தம்பி, ஜப்தி நோட்டீஸ் ஒட்டின மாதிரி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாயே! பணமும் இல்லை, ஒன்றும் இல்லை.

உபுண்டு 22.04-க்கு வந்ததும் உன் ஃபயர்பாக்ஸ், ஸ்னாப் என்ற வேறு வகைப் பொட்டலமாக மாறிவிட்டது. ஸ்னாப் தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளும், ஆனால் நீ அந்தப் புரோகிராமைத் திறந்து வைத்திருக்கும்போது கையை வைக்காது. மூடு, மூடு என்று கேட்கும். 14 நாள் வரை பொறுக்கும், அதற்கப்புறம் நீ மூடாவிட்டாலும் அப்டேட் செய்துவிடும். நீ நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பை ஷட்டவுனே செய்யாமல் மூடி மூடித் திறக்கிற ஆள் என்று நினைக்கிறேன், சரியா? ஃபயர்பாக்ஸை முழுசாக மூடு, எல்லா ஜன்னலையும். டெர்மினலில் சூடோ, ஸ்னாப், ரெஃப்ரெஷ். முடிந்ததும் திற, டேப் எல்லாம் பழையபடி வர செட்டிங்ஸில் முந்தைய டேப்களைத் திறக்கச் சொல்லும் டிக் இருக்கிறது.

சில சமயம் ஃபயர்பாக்ஸுக்குப் பதில் ஸ்னாப் ஸ்டோரின் பெயரே வரும். நான் அதைத் திறக்கவே இல்லையே என்பாய். அது பின்னால் தானாக ஓடிக்கொண்டிருக்கும். கில்ஆல், இடைவெளி, ஸ்னாப் சிறுகோடு ஸ்டோர் என்று அடித்து அதை நிறுத்திவிட்டு அதே ரெஃப்ரெஷ்.

*

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சத்துவாச்சாரி, வட ஆற்காடு ஜில்லா. என் பேத்தி என் கம்ப்யூட்டரைப் புதுப்பித்துக் கொடுத்தாள், பாஸ்வேர்டும் எளிதாக மாற்றிக் கொடுத்தாள். அன்று முதல் குரோம் திறந்தால் ‘கீரிங் திறக்கப்படவில்லை, பாஸ்வேர்டு கொடு’ என்று கேட்கிறது. புதிய பாஸ்வேர்டைக் கொடுத்தால் தவறு என்கிறது. அதே பாஸ்வேர்டில்தானே உள்ளே வந்தேன்?

பதில்: ஐயா, வணக்கம். வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்து, அப்புறம் வேலூர் மாவட்டம் என்று பெயராகி, 2019-இல் அதுவும் மூன்றாகி விட்டது. இருந்தாலும் தாங்கள் முகவரியில் ஜில்லாவை விடவில்லை பாருங்கள், உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற கீரிங்கும் அப்படித்தான். அதற்கு இன்னும் பழைய பாஸ்வேர்டுதான் தெரியும்.

கீரிங் என்பது வீட்டுக்குள் இருக்கிற பீரோ மாதிரி. வைஃபை பாஸ்வேர்டு, குரோம் சேமித்து வைத்திருப்பதைப் பூட்டும் சாவி எல்லாம் அதில் இருக்கும். சாதாரணமாக வாசல் கதவுக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி, நீங்கள் உள்ளே வரும்போதே பீரோவும் சத்தமில்லாமல் திறந்துவிடும். பேத்தி டெர்மினலில் அட்மின் வழியாகப் பாஸ்வேர்டை மாற்றியிருப்பாள், அப்படி மாற்றினால் வாசல் பூட்டு மட்டும்தான் மாறும், பீரோ பழைய பூட்டிலேயே நிற்கும். ஆகவே அந்தப் பெட்டி கேட்கும்போது பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள், திறக்கும். பிறகு ‘பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்’ என்ற புரோகிராமில் லாகின் என்று இருப்பதன்மேல் வலது கிளிக் செய்து, சேஞ்ச் பாஸ்வேர்டு கொடுத்து, புதியதை வாசலுக்கு இருப்பதுபோலவே வையுங்கள். அவ்வளவுதான்.

பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போகும்படி ஆட்டோ லாகின் வைத்திருந்தாலும் இந்தப் பெட்டி வரும், வாசலில் சாவியே போடவில்லையே, பீரோவுக்கு எங்கிருந்து வரும்? அந்த நிலையில் சிலர் கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக வைக்கச் சொல்வார்கள். பெட்டி நிற்கும், ஆனால் பீரோ திறந்தே கிடக்கும். தாங்கள் பென்ஷன் கணக்கை அதில் பார்ப்பதாக எழுதியிருப்பதால் ஆட்டோ லாகினை எடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

*

கேள்வி: ஆம்பூரில் பத்திரிகை டிசைன் செய்கிறேன். நிக்காஹ் பத்திரிகை என்றால் ஒரு பக்கம் உருது, ஒரு பக்கம் தமிழ். உபுண்டுவின் இன்னொரு வடிவமான குபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். லாகின் ஸ்க்ரீனில் வேலாண்ட் என்று ஒன்று இருந்தது, நன்றாக இருக்கும் என்று நண்பர் சொன்னதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் ‘ஐபஸ் ஷுட் பி கால்ட் ஃப்ரம் த டெஸ்க்டாப் செஷன் இன் வேலாண்ட்’ என்று நீளமாக ஒரு நோட்டிஃபிகேஷன். தமிழ்99 விசைப்பலகை சில இடத்தில் வேலை செய்கிறது, சில இடத்தில் ஆங்கிலமாகவே விழுகிறது.

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் பிடித்த கடிதம். ஆங்கிலம் மட்டும் அடிக்கிறவன் இந்தப் பெட்டியை வாழ்நாளில் பார்க்கவே மாட்டான், நம்மைப் போல இரண்டு மூன்று எழுத்தில் வேலை செய்கிறவனுக்குத்தான் இது.

ஐபஸ் என்பது நீங்கள் தட்டுகிற விசையை வாங்கித் தமிழாகவோ உருதுவாகவோ மாற்றித் தருகிற தரகர். திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற வேலைக்கு இரண்டு முறை உண்டு, பழையது எக்ஸ்11, புதியது வேலாண்ட். எக்ஸ்11 முறையில் இந்தத் தரகர் தானாகவே வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வார், யாரும் கேட்க மாட்டார்கள். வேலாண்டில் விதி வேறு. விசைப்பலகை விஷயத்தை டெஸ்க்டாப்தான் பார்த்துக்கொள்ளும், தரகரை அதுதான் கூப்பிட வேண்டும், தானாக வந்தவருக்கு முழு மரியாதை கிடையாது. அதனால்தான் உங்களுக்குச் சில புரோகிராமில் தமிழ் விழுகிறது, சிலதில் விழவில்லை. அந்த நோட்டிஃபிகேஷன் நீளமாக இருப்பதால் எல்லோரும் படிக்காமல் மூடிவிடுகிறார்கள், உண்மையில் மருந்து அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது: சிஸ்டம் செட்டிங்ஸ், இன்புட் டிவைசஸ், விர்ச்சுவல் கீபோர்டு. அங்கே போனால் ஐபஸ் வேலாண்ட் என்று ஒரு படம் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். விர்ச்சுவல் கீபோர்டு என்ற பெயரைப் பார்த்து, திரையில் விசைப்பலகை வருகிற சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று தாண்டிப் போய்விடத் தோன்றும், எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

அப்படியும் தமிழ்99 அடம் பிடித்தால், கல்யாண சீசனில் கஸ்டமர் காத்துக்கொண்டிருக்கும்போது மல்லுக்கு நிற்காதீர்கள். லாகின் ஸ்க்ரீனில் செஷன் என்ற இடத்தில் வேலாண்டுக்குப் பதில் எக்ஸ்11-ஐத் தேர்ந்தெடுத்து வேலையைப் பாருங்கள். குபுண்டு 24.04 தானாகவே உங்களுக்குக் கொடுத்தது எக்ஸ்11-தான், நண்பர் பேச்சைக் கேட்டு நீங்கள்தான் மாற்றினீர்கள். ஆடி மாதத்திலோ ரம்ஜான் நோன்பிலோ முகூர்த்தம் இல்லாமல் கடை காற்றாடும்போது வேலாண்டைப் பொறுமையாகச் சோதித்துப் பார்க்கலாம்.

*

கேள்வி: ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறோம். ஜக்கார்டு தறிக்கு டிசைன் எடுக்கிற சாப்ட்வேர் இந்த உபுண்டு 20.04-இல்தான் ஒழுங்காக ஓடுகிறது. புது வெர்ஷன் ரெடி, அப்கிரேட் செய் என்று வாரா வாரம் பெட்டி. வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை.

பதில்: சாப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ் திறந்து, அப்டேட்ஸ் பக்கத்தில் புது வெர்ஷன் பற்றிச் சொல் என்று இருக்கும் இடத்தில் ‘நெவர்’ வையுங்கள். முடிந்தது. ஆனால் 20.04-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது, ஆகவே அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை, மெயில் எதுவும் வேண்டாம், முடிந்தால் நெட் ஒயரையே கழற்றிவிடுங்கள். நெட் வேண்டும் என்றால் உபுண்டு புரோ என்று ஒன்று இருக்கிறது, தனிநபருக்கு 5 கம்ப்யூட்டர் வரை இலவசம், அதில் பதிந்தால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

*

கேள்வி: அரக்கோணம், ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் தேட எனக்குப் பொறுமை இல்லை. உபுண்டு 24.04 போட்டதிலிருந்து அப்டேட் வந்தது, விண்டோ ரெடி, பேட்டரி, ஹார்ட் டிஸ்க் பிராப்ளம் டிடெக்டட், வைஃபை கனெக்ட் ஆச்சு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. மொத்தமாக எல்லாவற்றையும் வாயடைக்க ஒரு பட்டன் சொல்லுங்கள்.

பதில்: பட்டன் இருக்கிறது. மேலே நடுவில் மணி காட்டுகிற இடத்தைக் கிளிக் செய்தால் கீழே ‘டூ நாட் டிஸ்டர்ப்’ என்று ஒரு சுவிட்ச். ரொம்ப அவசரம் என்று முத்திரை குத்தி வருகிறவை மட்டும் அதையும் மீறி வரும், மற்றவை அடங்கிவிடும். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாகவும் வாயடைக்கலாம்.

அதை எல்லாம் இருக்கட்டும். நாலாவதாக, பேட்டரிக்கும் வைஃபைக்கும் நடுவில், போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் காபி இறங்கவில்லை. உங்களுக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. ஒருவேளை அந்த நோட்டிஃபிகேஷனையும் ஆஃப் செய்துவிட்டீர்களோ என்னவோ, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஹார்ட் டிஸ்க் பிராப்ளம் என்று வருவது உபுண்டு சொல்வது அல்ல, டிஸ்க்கே சொல்வது. ஸ்மார்ட் என்று ஒரு ஏற்பாடு ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் இருக்கிறது, எத்தனை இடம் கெட்டது, கெட்ட இடத்துக்குப் பதில் எத்தனை மாற்று இடம் எடுத்தாயிற்று, இன்னும் எத்தனை சந்தேகத்தில் நிற்கிறது என்று அதுவே தன் நாடியைப் பிடித்துக் குறித்து வைத்துக்கொள்ளும். அப்கிரேட்டுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது, அப்கிரேட் அன்று டிஸ்க் முழுக்க எழுதிப் படித்ததில் ஏற்கெனவே இருந்த நோவு வெளியே வந்திருக்கும்.

இதே பெட்டியை நானும் ஒரு காலத்தில் வாயடைத்தவன்தான். தங்கச்சி கல்யாண ஆல்பம் வேலை ஓடிக்கொண்டிருந்தது, படம் பார்க்கிற நேரத்தில் எல்லாம் மூலையில் வந்து நின்றது, எரிச்சலில் அணைத்தேன். மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் உள்ளே டக், டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம், எவர்சில்வர் டம்ளரில் நகத்தால் தட்டுகிற மாதிரி. அவ்வளவுதான். மாலை மாற்றுகிற படம் ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பதினோரு காகிதம் மட்டும் மிச்சம். தங்கச்சி இன்றைக்கும் கம்ப்யூட்டர் பற்றி என்னிடம் சந்தேகம் கேட்பதில்லை, அவள் வீட்டுக்காரரிடம்தான் கேட்கிறாள்.

முதலில் பேக்கப். ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். வெளியே மாட்டும் ஒரு டிஸ்க்கோ பெரிய பென் டிரைவோ வாங்கி, படம், சர்வீஸ் பேப்பர், பிள்ளைகள் சர்டிபிகேட் இந்த வரிசையில் காப்பி எடுங்கள், சினிமா எல்லாம் கடைசியில். காப்பி ஓடும்போது ஒரு கோப்பில் நின்றால் அதிலேயே தொங்காமல் அதை விட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் எடுத்த பிறகு டிஸ்க்ஸ் என்ற புரோகிராமைத் திறந்து, மூலையில் இருக்கும் மெனுவில் ‘ஸ்மார்ட் டேட்டா’ என்பதைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் என்று இரண்டு வரி இருக்கும், இரண்டும் சைபராக இருந்தால் மூச்சு விடலாம். எண் இருந்தால், நாளைக்குப் பார்த்து அது கூடியிருந்தால், டிஸ்க்கை மாற்றுங்கள். அந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். விண்டோ ரெடியை எப்படி நிறுத்துவது என்று அதற்கப்புறம் பேசலாம்.